மிலிட்டரி பெரியப்பா தான் படித்த கல்லூரிக்கு எழுதி வைத்த 8 லட்சம்

கேள்வி: ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் தன் சேமிப்பைத் தான் படித்த கல்லூரிக்கு உதவித்தொகையாக உயில் எழுதி வைக்கலாமா? என்ன கவனிக்க வேண்டும்?

தாராளமாக எழுதலாம். என் பெரியப்பா எழுதினார். அதை நிறைவேற்றும் பொறுப்பையும் என் தலையில்தான் வைத்துவிட்டுப் போனார், அதனால் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வேலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் மிலிட்டரிதான். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். பெரியப்பா 1968இல் பி.யு.சி.யை (பட்டப்படிப்புக்கு முன் கல்லூரியில் படிக்கும் புகுமுக வகுப்பு) பாதியில் விட்டு, ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர், 28 வருடம் கழித்து சுபேதாராக ஊர் திரும்பினார். 1971 போரில் பசந்தர் ஆற்றங்கரையில் டாங்கிகள் போவதற்குக் கண்ணிவெடிகளுக்கு நடுவே வழி திறந்த ரெஜிமெண்ட் அவருடையது. அதைக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். ஆனால் விடுதி மெஸ் பாக்கி 43 ரூபாய் கட்ட முடியாமல் பரீட்சை எழுதாமல் போன கதையை அரை மணி நேரம் சொல்வார். வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதிய அந்தக் கருப்பு டிரங்குப் பெட்டியில், டிஸ்சார்ஜ் புக்குக்கு அடியில், மெஸ் பில் நாலாக மடித்து இருந்தது. மடிப்பு கிழிந்த இடத்தில் தபால்தலை ஓரத்து வெள்ளைத் தாளை நக்கி ஒட்டியிருந்தார்.

சரி, உயில் விஷயத்துக்கு வருகிறேன். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்து கட்டாயம். ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், பின்னால் யாரும் "இது அப்பா கையெழுத்தே இல்லை" என்று சொல்ல முடியாதபடி ஒரு பிடி கிடைக்கும். தானே சம்பாதித்ததை எழுதலாம். பென்ஷனை எழுத முடியாது, அது அவரோடு நின்றுவிடும், மனைவி இருந்தால் குடும்ப ஓய்வூதியம் அவருக்குப் போகும். அவ்வளவுதான்.

எங்களுக்குச் சிக்கல் வந்தது நாமினியில். 8 லட்சம் டெபாசிட்டுக்கு நாமினி என் அண்ணன், அதாவது பெரியப்பாவின் மகன். 2022இல் பெரியப்பா போனதும் வங்கி முறைப்படி பணத்தை அண்ணன் கணக்கில் போட்டது. நாமினி என்றால் பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், சொந்தக்காரர் இல்லை. வங்கிக் கணக்கு விஷயத்தில் 2010இல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் துக்க வீட்டில் சட்டம் பேசினால் எப்படி இருக்கும்? பதினைந்து மாதம் நான் எதுவும் பேசவில்லை. கடைசியில் அந்த மெஸ் பில்லை அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் அதை அதற்கு முன் பார்த்ததே இல்லை. மறுநாள் செக் எழுதிக் கொடுத்தார். உங்கள் வீட்டுப் பெரியவர் உயில் எழுதுகிறார் என்றால், பிள்ளைகளை உட்கார வைத்து ஏன் எழுதுகிறேன் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை, அந்தப் பதினைந்து மாதமும் அதனால் வந்ததுதான்.

அப்புறம் வாசகம். முதலில் எழுதிக் கொடுத்தவர் "கல்லூரிக்கு வழங்கவும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தார். பெரியப்பா அதை அடித்துவிட்டுத் தானே எழுதினார். பணம் முதல்வரின் பதவிப் பெயரில் டெபாசிட்டாக இருக்க வேண்டும், ஆள் பெயரில் கூடாது. முதல் தொகையைத் தொடக் கூடாது. வட்டியில் பத்தில் ஒரு பங்கைத் திரும்ப முதல் தொகையோடு சேர்க்க வேண்டும். மீதியில் ஆளுக்கு 10,000. வட்டி குறைந்தால் ஆட்களைக் குறைக்கலாம், தொகையைக் குறைக்கக் கூடாது. 7 சதவீதத்தில் கணக்குப் போட்டால் வருடம் 56,000, அதில் 5,600 முதலுக்குப் போக ஐந்து பேருக்குச் சரியாக வருகிறது. ஆளுக்குக் கிடைக்கும் தொகை குறையாமல் இருப்பது மிக முக்கியம். 12 சதவீத வட்டி கிடைத்த காலத்தில் 5,000 ரூபாய் போட்டு ஆரம்பித்த பரிசுகளை நினைத்துப் பாருங்கள், அன்றைக்கு 600 ரூபாய், இன்றைக்கு 350. அதற்கு ஒரு கட்டு நோட்டுப் புத்தகம் வாங்கலாம்.

யாருக்கு என்பதில்தான் அவர் பிடிவாதம். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு மட்டும் என்று போடலாமே என்றேன். "தம்பி, எனக்கு அன்னிக்கு மெஸ் பாக்கி, எங்கப்பா மிலிட்டரியா?" என்றார். முதல் மதிப்பெண்ணுக்கும் இல்லையாம். படிப்பை நிறுத்தப் போகிற பிள்ளைக்கு. வகுப்பு ஆசிரியர் ஒருவர் "இந்தப் பிள்ளை நின்றுவிடும்" என்று எழுதிக் கொடுத்தால் போதும், விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் கூடாது, சான்றிதழுக்கு அலையவிடக் கூடாது, தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன் பணம் கைக்குப் போக வேண்டும். உயிலிலேயே இதெல்லாம் இருக்கிறது. முதல்வர் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு தேதியைக் குறித்துக்கொண்டார்.

2024இல் முதல் ஐந்து பேருக்குக் கொடுத்தார்கள். அதில் ஒரு பெண் வேதியியல் இரண்டாம் ஆண்டு, அப்பாவுக்குக் கால் முறிந்து துணிக்கடை வேலைக்குப் போக இருந்தவள். இப்போது இறுதித் தேர்வும் எழுதிவிட்டாள். உயிலின் அந்தப் பத்தி யாருக்காவது மாதிரியாக வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர்களை எடுத்துவிட்டுத் தட்டச்சு செய்து போடுகிறேன்.