ஃபேட்டி லிவர்: திசு ஆய்வு மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: ஸ்கேன்ல 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்'னு வந்திருக்கு டாக்டர். பயப்படணுமா?

பதில்: அந்த கிரேடு கொழுப்பின் அளவை மட்டுமே சொல்லும். நான் பயப்படுவது கல்லீரலில் விழும் தழும்புக்கு. அதற்கு, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: கொழுப்பு சேர்றதுக்கும் நோய் எதிர்ப்பு செல்களுக்கும் என்ன சம்பந்தம் சார்?

பதில்: கல்லீரலின் நுண்குழாய்களில் குப்ஃபர் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் காவல் இருக்கின்றன. குடலிலிருந்து வரும் கிருமித் துணுக்குகளை விழுங்குவது அவற்றின் வேலை. கொழுப்பு மிஞ்சிக் கல்லீரல் செல்கள் உப்பிச் சாகும்போது இந்தக் காவலர்களும் குறைந்துபோவதை எலிகளில் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். காலியான இடத்தில் ரத்தத்தில் வரும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து உட்காரும். அவற்றில் பல அழற்சியைக் கிளப்பிவிடும்.

பயாப்சியில் எடுத்த கல்லீரல் திசுவின் ஸ்லைடில் பெரிய கொழுப்புத் துளியைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் (விழுங்கும் செல்கள்) கிரீடம் போல வளைந்து நிற்பதைப் பார்க்கலாம். பருமனானவர்களின் வயிற்றுக் கொழுப்பிலும் இதே கிரீடம் உண்டு.

அடுத்தது கல்லீரலில் இருக்கும் நட்சத்திர செல். சாதாரண நாளில் வைட்டமின் ஏ-வைச் சேர்த்து வைத்துக்கொண்டு சாதுவாக இருக்கும். அழற்சி மூண்டால் கொல்லாஜன் என்ற நார்ப் புரதத்தைச் சுரக்கத் தொடங்கிவிடும். ஸ்லைடில் கொல்லாஜனைக் காட்டும் ட்ரைக்ரோம் சாயம் போட்டால் ஒவ்வொரு செல்லையும் சுற்றி நீல இழைகள், கோழிக்கூண்டு வலை மாதிரி. தழும்பின் ஆரம்பம் அதுதான். (1876-ல் உடற்கூறியல் அறிஞர் குப்ஃபர் கண்டது உண்மையில் இந்த நட்சத்திர செல்லைத்தான். அவர் பெயர் பக்கத்து செல்லுக்குப் போய்விட்டது!)

கேள்வி: அம்மாவுக்கு லிவர் ரத்தப் பரிசோதனையில எஸ்ஜிபிடி நார்மல். அப்போ கவலை இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. எஸ்ஜிபிடி நார்மலாக இருக்கும்போதே தழும்பு முற்றியவர்கள் உண்டு. சர்க்கரையும் இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: நான் குடிக்கறதே இல்ல, பெரிய குண்டும் இல்ல. எனக்கு எப்படி?

பதில்: இன்ச் டேப்பை எடுங்கள். நம்மவர்களில் ஆணுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினாலே தொப்பைக் கொழுப்புதான்.

கேள்வி: தழும்பு மறையுமா? லிவர் டானிக் குடிக்கலாமா?

பதில்: டானிக்கை விடுங்கள். எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் பலருக்கு அழற்சி அடங்குகிறது. 10-ஐத் தாண்டினால் தழும்பே இளகுவதும் உண்டு. 80 கிலோ இருப்பவருக்கு 8 கிலோ. அமெரிக்காவில் 2024-ல் இந்த நோய்க்கான ரெஸ்மெடிரோம் மாத்திரைக்கு அனுமதி தந்தார்கள். அதையும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியோடுதான் எடுக்கச் சொல்கிறார்கள். சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) வரை போனவர்கள் மட்டும் தாங்களாகப் பட்டினி கிடக்க வேண்டாம், தசை கரைந்துவிடும். உங்கள் கல்லீரல் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.