அவருக்குத் தெரியாத மூன்றாவது கடன்

வன்னியில் விசுவமடுப் பக்கத்தில் இருந்து ஒரு சகோதரி எழுதியது, சுருக்கமாக:

"எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். கணவர் குத்தகைக்கு வயல் செய்கிறார். உழவு இயந்திரம் லீசிங்கில் ஓடுகிறது. வீட்டுத்திட்ட வீட்டை முடிக்க அவருக்குச் சொல்லாமல் ஒரு நுண்நிதிக் கம்பனியில் கிழமைக் கடன் எடுத்தேன். அதைக் கட்ட இன்னொன்று எடுத்தேன். போன மாதம் கம்பனிக்காரர் வீட்டுக்கு வந்ததில் இரண்டும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. மூன்றாவதாக ஒரு கடன் இருப்பதும், தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகில் இருப்பதும் இன்னும் தெரியாது. தெரிந்த அண்ணை ஒருவர் எல்லாவற்றையும் ஒரே கடனாக்கி மூன்று லட்சம் எடுத்துத் தருகிறேன் என்கிறார். அதற்கு என் கணவருடைய பிணைக் கையெழுத்தும் அரச காணிப் பெர்மிட்டும் வேண்டுமாம். 'வயல் செலவுக்கென்று சொல்லிக் கையெழுத்தை வாங்குங்கோ' என்கிறார். பெர்மிட்டின் போட்டோக்கொப்பி கொடுத்துவிட்டேன். அவருக்குத் தெரியாமல் இதை முடிக்க வழி இருக்கிறதா?"

தங்கச்சி, வழி இல்லை. அந்த அண்ணை காட்டுகிற வழி, மூன்று கடனை நான்காக்குகிற வழி. கணவரிடம் சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருக்கிறது.

அவர் ஏன் பேசவில்லை என்று முதலில் பார்ப்போம். இந்த மாதிரிக் குடும்பங்களோடு இருந்து பேசும்போது ஆண்கள் தொகையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. "ஊருக்கே தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியேல்லை" என்பதுதான் திரும்பத் திரும்ப வரும். இந்தக் கிழமைக் கடன் குழுக்கடன், அதில் ஒருவருக்கு ஒருவர் பிணை. ஆகவே உங்கள் குழுவில் இருக்கிற பெண்களுக்குத் தெரியும், அவர்களுடைய வீடுகளில் தெரியும், காசு எடுக்க வருகிற பொடியனுக்குத் தெரியும். கடைசியாகத் தெரிந்தவர் உங்கள் கணவர். கோபத்தில் பாதிக்கு மேல் அந்த வெட்கம்தான். மூன்றாவது கடனும் இன்னொரு கம்பனிக்காரன் வாயில் இருந்து அவர் காதுக்குப் போனால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற எதையும் அவர் நம்பப்போவதில்லை.

உங்களையும் நீங்கள் அளவுக்கு மீறித் திட்டிக்கொள்ளாதீர்கள். வன்னியில் இது ஊதாரித்தனத்தால் மட்டும் வந்த கதை இல்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, அதுவும் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. சீமெந்தும் கூலியும் ஏறிய வேகத்தில் அந்தக் காசு கூரையோடு நின்ற வீடுகள் எத்தனை. அதே காலத்தில் ஏ9 வீதி நெடுகக் கம்பனிகள் பலகை போட்டன. பிறகு 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தினார்கள், அடுத்த காலபோக நெல் படுத்தது. அதற்கு அடுத்த வருடம் எல்லாப் பொருளும் விலையேறியது. இதற்குள் ஒரு அடிப்படைப் பிசகு இருக்கிறது. வயல் வருடத்துக்கு இரண்டு தரம், தண்ணீர் போதாவிட்டால் ஒரே தரம்தான் காசு தரும். கம்பனி கிழமைக்குக் கிழமை கேட்கும். விதைத்து வெட்டும் வரைக்கும் உள்ள கிழமைகளுக்கு எங்கே போவது? இன்னொரு கம்பனிக்குத்தான். வயல் செய்கிற வீட்டுக்குக் கிழமைத் தவணையில் கடன் கொடுக்கிறவருக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும்.

வட்டிக் கணக்கை ஒரு தரம் மட்டும் சொல்கிறேன். 50,000 ரூபா, வருடத்துக்கு 24 வீதம் என்பார்கள். வட்டி 12,000. மொத்தம் 62,000ஐ 52 கிழமையால் பிரித்தால் கிழமைக்கு 1,192 ரூபா வரும். ஆனால் நீங்கள் கிழமை தவறாமல் திருப்பிக் கட்டிக்கொண்டே இருப்பதால், சராசரியாகப் பார்த்தால் அந்த வருடம் உங்களிடம் இருந்த காசு பாதியளவுதான். வட்டி மட்டும் முழுத் தொகைக்கு. அப்படியென்றால் உண்மையான வட்டி நாற்பது வீதத்துக்கு மேலே. இதை எந்த வெளிக்கள உத்தியோகத்தரும் உங்கள் முற்றத்தில் வைத்து விளக்கமாட்டார்.

இப்போது அந்த அண்ணை. எனக்கு அவரைத் தெரியாது, அவருடைய தொழிலைத் தெரியும். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருக்கிறார். கம்பனியிலோ வங்கியிலோ "ஆள் தெரியும்" என்பார். கடன் கைக்கு வந்ததும் முதலில் அவருடைய கொமிசன் கழியும். பிறகு ஆவணச் செலவு, காப்புறுதி என்று இன்னும் கழியும். கையில் மிஞ்சுவது பழைய மூன்று கடனையும் மூடப் போதாது. ஒன்றை மூடாமல் விடுவீர்கள். புதிய கடனும் இருக்கும், பழையதில் ஒன்றும் இருக்கும். கொமிசன் வாங்கியவர் அடுத்த ஒழுங்கைக்குப் போயிருப்பார்.

அதைவிடப் பெரிய ஆபத்து பிணைக் கையெழுத்து. பிணை வைக்கிறவர் வெறும் சாட்சி என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். நீங்கள் கட்டாவிட்டால் முழுத் தொகைக்கும் அவர் பொறுப்பு. இப்போது கடன் உங்கள் பெயரில் மட்டும் இருக்கிறது, லீசிங் அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. இரண்டும் கஷ்டம்தான், ஆனால் வேறு வேறு கஷ்டம். அவர் பிணை வைத்தால் இரண்டு பேரும் ஒரே கயிற்றில். அதுவும் வயல் செலவென்று பொய் சொல்லி வாங்கிய கையெழுத்து என்றால், அது வெளியே வருகிற நாளில் உங்கள் குடும்பத்தைக் காப்பாற்ற நான் எழுதி ஒன்றும் ஆகாது. வெற்றுத் தாளிலோ தொகை எழுதாத புரோநோட்டிலோ காசோலையிலோ கையெழுத்து வைக்காதீர்கள், யார் கேட்டாலும்.

இன்னொரு கூட்டமும் வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். "அடகில் இருக்கிற நகையை நாங்களே மீட்டு நல்ல விலைக்கு எடுக்கிறோம், துண்டைத் தாருங்கோ" என்பார்கள். அடகுத் துண்டு உங்கள் நகை மாதிரி. வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. விற்றே ஆகவேண்டும் என்றால் கணவரோடு போய் வங்கியில் மீட்டு, இரண்டு கடையில் நிறுத்து விலை கேட்டு விற்கலாம். அப்புறம், "அரசாங்கம் கடனைத் தள்ளுபடி செய்யப்போகுது, படிவத்துக்கு ஆயிரம் ரூபா" என்று வருகிறவர்கள். 2018இல் ஒரு தள்ளுபடி வந்தது உண்மை. வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட, நிலுவையில் விழுந்த கடன்களுக்கு. அந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லியே இன்னும் படிவம் விற்கிறார்கள்.

சரி, எப்படிச் சொல்வது. முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். கடன் அட்டைகள், ஒப்பந்தக் கொப்பிகள், அடகுத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேருங்கள். யாரிடம், எவ்வளவு எடுத்தது, எவ்வளவு கட்டியது, மிச்சம் எவ்வளவு, கிழமைக்கு எவ்வளவு. ஒரே பக்கத்தில் வரவேண்டும். குழுவில் மற்றவருக்காக நீங்கள் பிணை நிற்பதையும் எழுதுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

நாளைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். காசு எடுக்க வருகிற நாளும் அதற்கு முதல் இரவும் வேண்டாம். அவர் குடித்திருக்கும்போது வேண்டாம். பிள்ளைகள் படுத்த பிறகு, மாமியாரோ உங்கள் அம்மாவோ இல்லாத நேரம். "இஞ்சேருங்கோ, இன்னும் ஒண்டு இருக்கு, வேற யாரும் சொல்ல முதல் நானே சொல்லோணும்" என்று தொடங்கிக் கொப்பியை அவர் கையில் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே இருப்பில் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நகையை அடுத்த கிழமை சொல்லலாம் என்று நிறுத்துவார்கள். அடுத்த கிழமை அது புதிதாக ஒரு பொய்யாகிவிடும்.

அவர் கத்துவார். கத்தட்டும். அந்த நேரத்தில் "நீங்கள் மட்டும் லீசிங்கை என்னைக் கேட்டா எடுத்தீங்கள்?" என்ற கேள்வி உங்கள் நாக்கு நுனிக்கு வரும். நியாயமான கேள்விதான், ஆனால் அன்றைக்கு வேண்டாம். நகை விடயமும் அப்படித்தான். தேசவழமை, அதாவது வடக்குத் தமிழருடைய வழமைச் சட்டம், பொருந்துகிற குடும்பம் என்றால் உங்கள் நகையை நீங்கள் அடகு வைக்க அவருடைய சம்மதம் தேவையில்லை. காணி, வீட்டுக்குத்தான் கணவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும். சட்டம் உங்கள் பக்கம் என்று அன்றைக்கு வாதாடினால் வழக்கில் வெல்வீர்கள், வீட்டில் பேச்சு இன்னும் ஒரு மாதம் இருக்காது.

அவர் கை நீட்டுகிற ஆள் என்றால் மேலே சொன்னது பொருந்தாது. தனியாகச் சொல்லவேண்டாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கு எடுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரை முதலில் பாருங்கள்.

நான் எல்லாவற்றையும் சொல்லச் சொல்வதால், மற்றப் பெண்கள் எழுதுகிற ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லவேண்டியிருக்கிறது. "அப்ப என்னுடைய கைக்காசையும் சொல்லவேணுமோ?" வேண்டாம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒளித்த கடனும் ஒளித்த சேமிப்பும் ஒன்றில்லை. 2009இல் போரின் கடைசி மாதங்களில் மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கம் இடுப்பில் முடிந்து கொண்டுபோன நகைதான் செட்டிகுளம் முகாமில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பால்மாவானது. அதைப் பார்த்த பெண்ணிடம் போய் "எல்லாவற்றையும் கணவர் கையில் கொடு" என்று நான் சொல்லமாட்டேன். கோழி முட்டை விற்றது, கச்சான் உடைத்த கூலி, தையல் காசு, இதில் ஒரு பகுதியை நீங்கள் வைத்திருக்கலாம். ஆனால் மூன்று விடயம் பாருங்கள். அப்படி ஒரு காசு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவேண்டும், எவ்வளவு என்பது தெரியத் தேவையில்லை. அது உங்கள் பெயரில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இருக்கவேண்டும், பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டில் இருக்கக் கூடாது. கடன் எடுத்த காசாக அது இருக்கவே கூடாது. சில பெண்கள் கிழமைக் கடனில் வந்ததில் ஒரு பங்கைச் "சேமிப்பு" என்று எடுத்து வைக்கிறார்கள். நாற்பது வீத வட்டிக்கு எடுத்துப் பத்து வீதம்கூடத் தராத கணக்கில் போடுவதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதே உரிமை அவருக்கும் உண்டு, தேத்தண்ணிக் கடைக்கும் வெற்றிலைக்கும் கணக்குக் கேட்காதீர்கள்.

சொன்ன பிறகு கடனை எந்த ஒழுங்கில் கட்டுவது? இரண்டு மூன்று நாள் ஆற விட்டு, அவரோடு இருந்து முடிவெடுங்கள். லீசிங் பிந்தினால் உழவு இயந்திரத்தைத் தூக்குவார்கள், அது போனால் உழைப்பே போய்விடும். ஆகவே அது முதலாவது. நகை ஏலத்துக்குப் போகாமல் அடகைப் புதுப்பிக்க வட்டியையாவது கட்டுங்கள். கிழமைக் கடன்களுக்கு, கம்பனிக் கிளைக்கு இருவரும் ஒன்றாகப் போய், அறுவடைக்குப் பிறகு கட்டுகிற மாதிரித் தவணையை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் ஒரு கொப்பியில் வாங்கியதற்குக் கையெழுத்து எடுங்கள். மறுப்பார்கள், திரும்பப் போங்கள். குழுப் பெண்களுக்குத் தவணை தவற முதலே சொல்லிவிடுங்கள். ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுப்பது இன்றோடு நிற்கவேண்டும். காசு எடுக்க வருகிறவர் இருட்டும் வரை வீட்டில் குந்தியிருந்தால், எழும்பிப் போகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போகாவிட்டால் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாம். கடனை அறவிடுவது பொலிஸின் வேலை இல்லை என்பதையும் அங்கே நினைவுபடுத்தவேண்டி வரலாம்.

2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. ஆனாலும் எங்கள் முற்றத்துக்கு வருகிற எல்லாரும் அதற்குள் அடங்கவில்லை. சட்டத்தில் இருந்த ஓட்டைக்கு மருந்தாகப் பெண்களுக்கு "நிதி முகாமைத்துவ விழிப்புணர்வுக் கருத்தரங்கு" வைத்தார்கள். அந்தக் கருத்தரங்குகளில் ஒரு கணவரைக்கூட நான் கண்டதில்லை. பெண்ணுக்குத்தான் கடன், பெண்ணுக்குத்தான் பயிற்சி, பெண்ணுக்குத்தான் ஏச்சு. உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், காசு கேட்கமாட்டார். போனால் இருவரும் போங்கள். அன்றைக்கு அவர் கூட்டத்துக்குப் போய்விட்டார் என்பார்கள். இன்னொரு நாள் போங்கள்.

பெர்மிட் கொப்பி பற்றி நீங்கள் பயந்திருப்பீர்கள். பெர்மிட் காணியை அரச அனுமதியில்லாமல் தனியாருக்கு விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது, அப்படி எழுதினாலும் செல்லாது. வெறும் போட்டோக்கொப்பியால் காணி போகாது. மூலப் பத்திரம் வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அந்த அண்ணையிடம் கொப்பியைத் திருப்பிக் கேளுங்கள், தனியாகப் போகாமல் கணவரோடு போங்கள். அந்த அண்ணை கேட்டு வேறு ஏதாவது தாளில் கையெழுத்து வைத்திருந்தால் அதையும் உங்கள் கடன் கணக்குக் கொப்பியில் எழுதி, சட்ட உதவி ஆணைக்குழுவில் காட்டுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசம்.