ஊருக்கென்று ஒரு தேடுபொறி: இரண்டு லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: போடிநாயக்கனூரில் சிறு வணிகர் சங்கம் ஒன்றில் பொறுப்பில் இருக்கிறேன். கைப்பேசியில் எதைத் தேடினாலும் தேனிக் கடைகள்தான் முன்னால் வருகின்றன. எங்கள் ஊருக்கென்று தனியாகத் தேடுபொறி செய்துதர ஒருவர் இரண்டு லட்ச ரூபாய் கேட்கிறார். கூகுள் இருக்கும்போது இதனால் பயன் உண்டா?

பதில்: பயன் உண்டு. ஆனால் அந்த இரண்டு லட்சத்தை மொத்தமாக அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஊர்த் தேடுபொறியில் செலவு பிடிக்கும் இடம் வேறு.

தேனி ஏன் முந்துகிறது என்பதை முதலில் பார்ப்போம். பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்தே உள்ளூர்த் தேடலை வரிசைப்படுத்துவதாக கூகுள் சொல்கிறது. தேனி உங்களுக்குச் சுமார் 15 கி.மீ.தான். அங்குள்ள கடைக்கு நிறைய மதிப்புரைகள் இருந்து, உங்கள் கடைக்கு இரண்டோ மூன்றோ இருந்தால் அது மேலே போய்விடும். இதற்குத் தனித் தேடுபொறி வேண்டாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் கடையைப் பதியட்டும், இலவசம்தான். சரியான கடை வகை, திறக்கும் நேரம், கடை முகப்புப் படம் மூன்றையும் போட்டாலே கொஞ்சம் மாற்றம் தெரியும்.

கூகுளால் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. எங்காவது எழுதி வைத்ததைத்தான் எந்தத் தேடுபொறியும் எடுத்துத் தரும். அம்மி கொத்துகிறவர், தென்னை ஏறுகிறவர், கிணற்றில் தூர் வாருகிறவர் ஆகியோருக்குக் கடையும் கிடையாது, போர்டும் கிடையாது. இரவு இரண்டு மணிக்கு ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டால் உடனே தேவைப்படுவது ஃப்ரீசர் பாக்ஸ். அதை வாடகைக்கு விடுகிறவரின் எண் டீக்கடைக்காரருக்குத் தெரியும். அந்நேரம் டீக்கடை பூட்டிக் கிடக்கும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில், எடுத்துப் பேசும் ஒரு எண் உடனே கையில் கிடைக்க வேண்டும். ஊர்த் தேடுபொறி வேண்டும் என்று நான் சொல்வது இந்த ஒரு நேரத்துக்காகவே கூட.

உங்களிடம் பணம் கேட்பவர் இணையத்தை மேய்ந்து தகவல் திரட்டும் மென்பொருளைப் பற்றிப் பேசினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட வேலைக்கு 2003 முதலே யாசி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர்ச் செய்தி இணையத்திலேயே இல்லாதபோது எதை மேய்வது? உங்களுக்கு வேண்டியது நன்றாகச் செய்த ஒரு பட்டியல். சில நூறு பதிவுகளை ஒரு எக்செல் தாளில் வைத்து, அதைத் தேடித் தரும் எளிய பக்கம் ஒன்றை எழுத கணினி படித்த உள்ளூர்ப் பிள்ளைகளே போதும். கூகுள் மேப்பிலிருந்து அள்ளிப் போடாதீர்கள், அதன் விதிமுறை அனுமதிப்பதில்லை. பலர் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தகவலை, எடுத்த இடத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம்.

தேடும் சொல்லில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. நம்மில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறோம். பி, ஏ, எல் என்று அடித்தவருக்கு வேண்டியது பல் டாக்டரா, பால் கடையா? 'கடை' என்று நினைத்து அடிப்பது காடையாகவும் கடாயாகவும் படிக்கப்படும். தமிழ் எழுத்திலேயே தேடினாலும் சிக்கல் உண்டு. 'வீடு' என்று தேடினால் 'வாடகை வீட்டுக்கு' என்று எழுதிய பதிவு வராது. வீடு 'வீட்டு' ஆகும்போது எழுத்தே மாறிவிடுகிறது. ஸ்னோபால் என்ற இலவச நிரல் தொகுப்பில் 'வீட்டுக்கு' போன்ற சொல்லின் ஒட்டுகளை வெட்டி வேரைக் காட்டும் தமிழ் விதிகள் இருக்கின்றன. ஆனாலும் உங்கள் அளவுக்கு அதைவிட நல்ல வழி, எக்செல்லில் 'ஊர்ச்சொல்' என்று ஒரு நெடுக்குப் பத்தியைக் கூடுதலாகச் சேர்ப்பது. மருந்துக்கடை என்றால் மெடிக்கல், பார்மசி, மாத்திரைக் கடை எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள், ஆங்கில எழுத்தில் எப்படியெல்லாம் அடிப்பார்களோ அதையும் சேர்த்து. இந்தப் பத்தியை நிரப்ப உங்கள் ஊர்க்காரரால்தான் முடியும்.

பணம் போக வேண்டிய இடம் இதுதான்: மாதம் ஒருமுறை ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டு, 'இன்னும் இந்த வேலை செய்கிறீர்களா?' என்று கேட்க ஒரு ஆள். கேட்ட தேதியைப் பதிவுக்குக் கீழே காட்டுங்கள். நான் உதவி செய்த ஒரு சிறு பட்டியல் ஓராண்டிலேயே செத்துப்போனது. தளம் நன்றாகத்தான் ஓடியது. எண்கள்தான் மாறிவிட்டன, இரண்டு முறை ஏமாந்தவர்கள் மூன்றாம் முறை வரவில்லை. சரிபார்க்கும் அந்த ஆளுக்கே சங்கத்தின் பெயரில் ஒரு தொலைபேசி எண்ணும் கொடுங்கள். கைப்பேசியில் அடித்துத் தேடத் தெரியாத முதியவர்கள் அதில் கேட்டுக்கொள்ளட்டும். கடைகளின் எண்ணைத் தேடித் தரும் ஜஸ்ட் டயல் நிறுவனம்கூட 1996இல் தொலைபேசிச் சேவையாகத்தான் தொடங்கியது.

யார் பெயர் முதலில் வருவது என்று சங்கத்தில் சண்டை வரும். காசு வாங்கிக்கொண்டு யாரையும் மேலே ஏற்றாதீர்கள், தலைவர் கடையாகவே இருந்தாலும். சமீபத்தில் சரிபார்த்த பதிவு முதலில் வரட்டும்.

எண்ணை வெளியிடுமுன் உரியவரிடம் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலை வலியுறுத்துகிறது. வீட்டிலிருந்து தையல் வேலை, சமையல் செய்து தரும் பெண்கள் பலர் தங்கள் எண் ஊர் முழுக்கப் போவதை விரும்பமாட்டார்கள். அவர்களுக்கு வரும் அழைப்பைச் சங்க எண் வாங்கி மாற்றிவிடலாம்.

தேடியும் ஒன்றும் கிடைக்காத சொற்களையும் தனியாகச் சேமித்துவையுங்கள், யார் தேடினார் என்பது வேண்டாம். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் ஊரில் அந்தத் தொழிலுக்கு ஆள் இல்லை, அல்லது ஆள் இருந்தும் உங்கள் பட்டியலில் இல்லை என்று பொருள். இரண்டில் எதுவானாலும் வணிகர் சங்கத்துக்குக் கிடைத்த நல்ல செய்தி அது.

கடைசியாக ஒரு சிறு வேலை. சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியல் அச்சகத்தில் வானவில் போன்ற எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், திரையில் தமிழாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. முதல் வாரத்திலேயே அதை யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினியும் கைப்பேசியும் புரிந்துகொள்ளும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றிவிடுங்கள். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அடிக்கடி இடம் மாறிவிடும்.