மலை ரயிலில் எஞ்சின் ஏன் பின்னால் இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஊட்டி மலை ரயிலைப் பற்றி நான் எழுதிய ஒரே ஒரு வரிக்கு, கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அவற்றுள் ஏழு கடிதங்களுக்கு இந்த இதழின் இடம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

'நேரோ கேஜ் நீராவி வண்டி' என்று ஊட்டி ரயிலைக் குறிப்பிட்டிருந்தீர்கள். கல்லூரியில் படிக்கும் என் பேரன் அது மீட்டர் கேஜ் என்று அடித்துச் சொல்கிறான். யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

உங்கள் பேரன் சொல்வதே சரி. நான் எழுதியது பிழை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்திய மலை ரயில் பாதைகள் மூன்று. 1999-இல் அந்தச் சிறப்பைப் பெற்ற டார்ஜிலிங் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 610 மி.மீ.; 2008-இல் சேர்ந்த கால்கா–சிம்லா பாதையில் 762 மி.மீ. இவை இரண்டும் நேரோ கேஜ். இவற்றுக்கு நடுவே 2005-இல் சேர்க்கப்பட்ட நம் நீலகிரி மலை ரயில் மட்டும் சரியாக 1,000 மி.மீ., அதாவது மீட்டர் கேஜ். மூன்றையும் ஒரே பெயரில் சேர்த்துச் சொல்லும் பழக்கத்தால் இந்தக் குழப்பம் பலருக்கும் நேர்கிறது.

இதைக் கேட்டவர் திருப்பாதிரிப்புலியூர்க்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாக மயிலாடுதுறைக்குச் சென்ற நம் பாதையும், விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பிரிந்த கிளைப்பாதையும், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அகலப்பாதையாக மாற்றப்படும் வரை இதே ஒரு மீட்டர் இடைவெளியில்தான் இருந்தன. நம் பாதைகளை நடத்திய தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கைக்கே பின்னர் நீலகிரிப் பாதையும் வந்து சேர்ந்தது. ஆகவே, சன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழ விழுப்புரம் சென்று வந்த நம் தலைமுறைக்கு, மேட்டுப்பாளையத்தில் நிற்கும் அந்த ஒடுக்கமான நீலநிறப் பெட்டிகள் வேற்றூர் வேடிக்கையாகத் தோன்றுவதில்லை. நம் ஊரில் கழற்றி எடுக்கப்பட்ட ஒன்று மலையில் மட்டும் பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணம்தான் வருகிறது. முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது.

மலையேறும்போது எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து தள்ளுவதைப் படத்தில் பார்த்தேன். முன்னால் ஓட்டுநரே இல்லாமல் பெட்டிகள் செல்வது பாதுகாப்பானதா? நினைத்தாலே பயமாக இருக்கிறது.
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பாதுகாப்புக்காகவே எஞ்சினைப் பின்னால் வைத்திருக்கிறார்கள், அம்மா. கல்லாறிலிருந்து குன்னூர் வரை உள்ள சுமார் 20 கி.மீ. தூரத்தில், பன்னிரண்டு அடி முன்னே போனால் ஏறக்குறைய ஓரடி மேலே ஏற வேண்டிய அளவுக்குப் பாதை செங்குத்தானது. அந்தச் சரிவில் பெட்டிகளை எஞ்சின் முன்னாலிருந்து இழுத்துச் சென்று, இடையில் ஒரு கொக்கி அறுந்துவிட்டால், அறுந்த பெட்டிகள் பள்ளத்தை நோக்கி ஓடிவிடும். எஞ்சின் தாழ்வான பக்கத்தில் இருந்தால், எது அறுந்தாலும் பெட்டிகள் அதன் மீதுதான் சாய்ந்து நிற்கும். இறங்கும்போதும் எஞ்சின் தாழ்வான பக்கத்திலேயே இருப்பதால், அப்போது அது முன்னால் வருகிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் படகை மணல்மேட்டில் ஏற்றுகிறவர்கள் அது சறுக்கி வராதபடி பின்பக்கம் தோள் கொடுத்து நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். இதுவும் அதே முறைதான்.

எஞ்சினே சறுக்கிவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் இவ்வளவு சரிவில் வழுக்கத்தான் செய்யும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, ரம்பத்தை நிமிர்த்தி வைத்தாற்போல், பற்கள் கொண்ட இரண்டு இரும்புச் சட்டங்களை அருகருகே பொருத்தியிருக்கிறார்கள். ஒரு சட்டத்தில் பல் இருக்கும் இடத்துக்கு நேராக மற்றொன்றில் பள்ளம் இருக்கும்படி அவை மாற்றி மாற்றி அமைந்திருப்பதால், எஞ்சினுக்கு அடியில் சுழலும் பற்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்கும். பிடி விடுபடும் இடைவெளியே கிடையாது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. இந்தியாவில் பற்சட்டத்தைப் பிடித்து மலையேறும் பயணிகள் ரயில் இது ஒன்றுதான். டார்ஜிலிங் வண்டிகூட வளைந்தும், முன்னும் பின்னுமாக நகர்ந்தும்தான் உயரம் ஏறுகிறதே தவிர, அதற்குப் பல் இல்லை.

முன்னால் ஆளே இல்லை என்று நீங்கள் எண்ணியதும் சரியன்று. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு சிறிய மேடை உண்டு. அதில் பிரேக்ஸ்மேன் ஒருவர் நின்றுகொண்டே வருவார். முதல் பெட்டியில் நிற்பவர்தான் வண்டிக்குக் கண். பாதையில் கல் விழுந்திருக்கிறதா, மாடு நிற்கிறதா என்று பார்த்து, கையில் உள்ள கொடியால் பின்னாலிருக்கும் ஓட்டுநருக்குச் சைகை காட்டுவது அவர் பொறுப்பு. நான் சென்ற பயணத்தில் அவருக்கு நேர் பின்னால் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தது. மூன்று மணி நேரமும் அந்த மனிதரின் ஒரு கை பிரேக் பிடியை விட்டு விலகவில்லை. யாரோ நீட்டிய தேநீரைக்கூட மறுகையால் வாங்கி, பாதையிலிருந்து பார்வையை எடுக்காமலே குடித்தார். பாடலீஸ்வரர் கோயில் தேர் வீதியில் திரும்பும்போது சக்கரத்தடியில் குனிந்தபடி முட்டுக்கட்டை போடுகிறவர்களை யாரும் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் தேர் அவர்கள் கையில்தான் இருக்கிறது. மலை ரயிலின் பிரேக்ஸ்மேன்களை அவர்களோடு ஒப்பிடுவதுதான் பொருத்தம். அவர்களைப் பார்த்த பிறகு உங்கள் பயம் போய்விடும் என்று நம்புகிறேன்.

நான் அனல் மின் நிலையத்தில் பணிபுரிகிறேன். இந்த எஞ்சின்கள் இன்னும் நிலக்கரியில்தான் ஓடுகின்றனவா? இவ்வளவு பழைய எஞ்சினுக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கிறது?
– வாசகர், நெய்வேலி

இந்த எஞ்சின்களின் உள்ளமைப்பு மற்றவர்களைவிட உங்களுக்கு எளிதில் விளங்கும். உங்கள் நிலையத்தில் உயர் அழுத்த டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியை வீணாக்காமல் தாழ் அழுத்த டர்பைனுக்கு அனுப்புவீர்கள் அல்லவா? எக்ஸ் வகுப்பு என்று அழைக்கப்படும் இந்த எஞ்சின்களிலும் அதுவே நடக்கிறது. இவற்றுக்கு நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் உயர் அழுத்தச் சிலிண்டர்கள் இரண்டு மட்டும் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். பற்சட்டம் தொடங்கும் இடத்தில், அவற்றில் வேலை முடித்த நீராவி புகைபோக்கிக்குப் போகாமல் மற்ற இரண்டு தாழ் அழுத்தச் சிலிண்டர்களுக்குள் திருப்பி விடப்பட்டு, பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரே நீராவி, இரண்டு வேலை. எஞ்சினின் பக்கவாட்டில் சிலிண்டர்கள் மேலும் கீழுமாக அடுக்கியிருப்பதை மேட்டுப்பாளையத்திலேயே நீங்கள் பார்க்கலாம்.

இவற்றைக் கட்டிக் கொடுத்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் இருந்த தொழிற்சாலை. கடைசித் தொகுதி 1952-இல் வந்தது. அதன் பிறகு உதிரிபாகம் என்று கடையில் கேட்டு வாங்கக்கூடியது எதுவும் இல்லை. தேய்ந்ததை நாமேதான் வார்த்து, கடைந்து, பொருத்த வேண்டும். அந்த வேலையைத் திருச்சி பொன்மலைப் பணிமனையும் குன்னூர் எஞ்சின் கொட்டகையும் செய்துவருகின்றன. பழுது பார்ப்பதோடு நிற்காமல், பொன்மலையில் புதிய எக்ஸ் வகுப்பு எஞ்சின்களையே முழுமையாகக் கட்டி மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முதலில் வந்தவை எண்ணெயால் எரியும் எஞ்சின்கள். பின்னர் நிலக்கரியில் ஓடும் எஞ்சினும் அங்கே உருவானது. நூறாண்டுக்கு முந்தைய வடிவமைப்பில் ஒரு நீராவி எஞ்சினை இன்று தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அடித்தளத்திலிருந்து கட்டி எழுப்பியிருக்கிறார்கள் என்பதை நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

ஊட்டி வரையிலும் நீராவி எஞ்சின்தானா?
– வாசகர், பரங்கிப்பேட்டை

இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான் நீராவி. குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அதற்கு மேல் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டி வரை பற்சட்டம் கிடையாது.

இந்தப் பாதையைக் கட்டி முடிக்க அரை நூற்றாண்டு ஆனதாக எங்கோ படித்தேன். உண்மையா?
– கல்லூரி மாணவி, வில்லியனூர்

உண்மைதான், ஆனால் கட்டுவதற்கு ஆன காலத்தைவிட, கட்டலாமா என்று யோசித்த காலமே அதிகம். மலைக்கு ரயில் விடலாம் என்ற திட்டம் 1854-இல் முன்வைக்கப்பட்டது. எந்த வழியில், எந்த முறையில் ஏறுவது என்பது தீராமல் இருந்து, 1891-இல்தான் வேலை தொடங்கியது. இடையில் முதல் கம்பெனி நொடித்துப்போய், வேறொரு கம்பெனி எடுத்து நடத்தி, 1899-இல் குன்னூர் வரை வண்டி ஓடியது. ஊட்டியை அது எட்டியது 1908-இல். மொத்தம் 46 கி.மீ. பாதையில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி 2,203 மீட்டரில் போய் நிற்கிறது. உங்கள் வில்லியனூர் வழியாக விழுப்புரம்–புதுச்சேரிப் பாதை 1879-லேயே திறக்கப்பட்டுவிட்டது என்பதை இதனோடு வைத்துப் பாருங்கள். சமவெளியில் தண்டவாளம் போடுவது எங்கே, மலையில் போடுவது எங்கே என்பது புரியும்.

என் தாயாருக்கு வயது 74. முழங்கால் வலி உண்டு. ஒருமுறையாவது அந்த ரயிலில் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். கூட்டிச் செல்லலாமா? எப்போது, எப்படிப் போவது?
– வாசகர், நெல்லிக்குப்பம்

தயங்காமல் கூட்டிச் செல்லுங்கள், ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். நம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் அதே வடகிழக்குப் பருவமழைதான் நீலகிரியின் கிழக்குச் சரிவில் மண்ணையும் பாறையையும் தண்டவாளத்தின் மேல் கொண்டுவந்து தள்ளுகிறது. அந்த மாதங்களில் கல்லாறு–குன்னூர் இடையே வண்டி பல நாட்கள் நிறுத்தப்படுவதுண்டு. ஒரு நவம்பரில் இரவெல்லாம் பேருந்தில் வந்து, வண்டி ரத்து என்ற அறிவிப்பை மேட்டுப்பாளையம் நிலையத்தில் படித்துவிட்டுத் திரும்பிய முதிய தம்பதியர் ஒருவரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நல்லவை. குளிருக்கு மட்டும் கம்பளி தேவை.

மலை வண்டி காலை ஏழு மணியைத் தாண்டியதும் புறப்பட்டுவிடும். சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸை சேலத்தில் பிடிப்பதானால் நள்ளிரவுக்குப் பிறகு நடைமேடையில் காத்திருக்க நேரும். முழங்கால் வலி உள்ளவருக்கு அது வேண்டாத தொல்லை. முதல் நாளே கோவைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ சென்று தங்கி, நன்றாகத் தூங்கி எழுந்து ஏறுவதே நல்லது. பயணச்சீட்டு முன்பதிவு தொடங்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள். பெட்டிகள் சில மட்டுமே என்பதால் இடம் விரைவில் தீர்ந்துவிடும். ஏறும் வண்டியில் கிடைக்காவிட்டால், ஊட்டியிலிருந்து பிற்பகலில் இறங்கும் வண்டியில் முயலுங்கள். ஏற ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே குறைவாகவும், இறங்க மூன்றரை மணி நேரம் அளவிலும் ஆகும் என்பதால், தாயாருக்கு இறங்கும் பயணமே உடம்புக்கு ஏற்றது என்றுகூடச் சொல்வேன். பெட்டியின் படி உயரமானது, கைகொடுத்து ஏற்றிவிடுங்கள். வண்டிக்குள் கழிப்பறையை எதிர்பார்க்காமல் புறப்படும் முன்பே நிலையத்தில் போய்வரச் சொல்லுங்கள். ஹில்குரோவ் நிலையத்தில் குரங்குகள் உண்டு. தின்பண்டப் பையை அவர் மடியில் திறந்து வைக்க வேண்டாம்.

ஒன்பது வயது மகனிடம் 'பொம்மை ரயிலில் போகிறோம்' என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்கு எதையெல்லாம் காட்ட வேண்டும்?
– வாசகி, பாகூர்

முதலில், பொம்மை ரயில் என்று சொல்லாதீர்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மனிதரையும் பாரத்தையும் மலைக்கு ஏற்றிவரும் வண்டி அது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை உண்மையான எஞ்சினாகவே அறிமுகம் செய்து வைத்தால், அவன் இன்னும் ஆவலாகப் பார்ப்பான்.

மேட்டுப்பாளையத்தில் அரைமணி நேரம் முன்னதாகவே சென்று, ஊழியர்களின் அனுமதியோடு, எஞ்சின் இருக்கும் கடைசி முனை வரை அவனை நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். பாய்லரின் வெப்பம் நான்கடி தள்ளி நின்றாலும் முகத்தில் படும். கல்லாறை நெருங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கச் சொல்லுங்கள்: வண்டி ஏறக்குறைய மனிதர் நடக்கும் வேகத்துக்கு வந்து, அடியில் ஓர் இலேசான உலுக்கல் எழும்; பிறகு எஞ்சினின் மூச்சு மாறி, கனத்து, நெருக்கமாகக் கேட்கத் தொடங்கும். பற்சக்கரம் பற்சட்டத்தைக் கவ்வும் கணம் அது. ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது இறங்கி, தண்டவாளங்களுக்கு நடுவே பாருங்கள். மசகு பூசிய அந்த இரட்டைச் சட்டத்தின் பற்கள், சக்கரம் உரசி உரசி, வெள்ளிக் கொலுசின் உட்புறம்போல மின்னிக்கொண்டிருக்கும். ஒரு சட்டத்தின் பல் எங்கே இருக்கிறது, அடுத்ததன் பள்ளம் எங்கே இருக்கிறது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம். அப்படியே முதல் பெட்டிக்கு அழைத்துச் சென்று, மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேனுக்கு வணக்கம் சொல்ல வையுங்கள். விசில் அடிப்பதற்குள் ஏறிவிடுங்கள்.