ஊசியில் நூல் கோக்கிறார்; கண் டெஸ்ட் எதற்கு?

கேள்வி: நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அம்மா உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். வயது 58. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. கண்ணைக் காட்டச் சொன்னால், “கண்ணாடி போடாமலே ஊசியில நூல் கோக்குறேன், போன வருஷ முகாம்லயும் புரை இல்லைன்னுட்டாங்க, எனக்கு எதுக்குடா?” என்கிறார். மதுரை போனால் நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலியும் போகும். அவசியம் போகத்தான் வேண்டுமா?

பதில்: கண்ணைக் காட்டியே ஆக வேண்டும். ஆனால் அதற்கு மதுரைக்கே வர வேண்டும் என்றில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்த ஊசி. 58 வயதில் கண்ணாடி இல்லாமல் நூல் கோக்கிறார் என்றால் பிள்ளைகளுக்குப் பெருமையாக இருக்கும், எனக்கு லேசாகச் சந்தேகம் வரும். சிலருக்கு அது சின்ன வயதிலிருந்தே இருக்கும் கிட்டப்பார்வையாக இருக்கலாம். ஆனால் புரை விழத் தொடங்கும்போதோ, ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கும்போதோ கண்ணின் பவர் மாறி, கிட்டத்தில் இருப்பது திடீரென்று நன்றாகத் தெரிய ஆரம்பிப்பதும் உண்டு. இதற்கு முன் கண்ணாடி போட்டுத்தான் கோத்தாரா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரை கெடுப்பது கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையை. அங்குள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் வலுவிழந்து, புடைத்து, கசிய ஆரம்பிக்கும். வலிக்காது, சிவக்காது, நீர் வடியாது. விழித்திரையின் நடுப்பகுதி தப்பியிருக்கும்வரை பார்வையும் குறையாது. ஒரு பூக்காரம்மா என் எதிரே உட்கார்ந்து, பலகையில் இருந்த கடைசி வரி எண்களைக் கடகடவென்று சொன்னார். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால், இரண்டு கண்ணிலும் வேண்டாத புது ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தன. அவை எப்போது வேண்டுமானாலும் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டலாம். அந்த நிலையில் பிடித்ததால் லேசரில் அடக்க முடிந்தது. லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கிற பார்வையைக் காப்பதில் கெட்டி. போன பார்வையை மீட்பதில் அவற்றை அவ்வளவு நம்ப முடியாது.

அடுத்து, முகாம். பல முகாம்களில் டார்ச் அடித்துப் பார்ப்பது புரைக்காகத்தான். புரை இல்லை என்றால் விழித்திரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கண்ணாடிக் கடையில் செய்யும் கம்ப்யூட்டர் டெஸ்டும் அப்படியே, அது பவரை மட்டும் சொல்லும். ‘கண்ணு பார்த்தாச்சு’ என்று யார் சொன்னாலும், சொட்டு விட்டுப் பார்த்தார்களா அல்லது விழித்திரையைப் படம் எடுத்தார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் இன்னும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வாசலுக்கு வருவது நல்ல விஷயம்தான், ஆனால் அதனாலேயே பலர் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, எங்கே போவது? உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் விழித்திரைப் படம் எடுக்கிறார்களா, எந்தக் கிழமை என்று முதலில் விசாரியுங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களில் விஷன் சென்டர்கள் நடத்துகிறது. அங்கே கண்ணைச் சோதித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவிலேயே ஆலோசனை கேட்பார்கள். 1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. தேனியிலும் அவர்களுக்குக் கிளை உண்டு. மதுரைதான் வசதி என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனையின் கண் பிரிவு இருக்கிறது, செலவில்லை.

எல்லாம் சரியாக இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை போதும், ஒரு நாள் கூலியோடு முடிந்துவிடும். பாதிப்பு தெரிந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். பிரஷரையும் சேர்த்துக் கவனியுங்கள், அது ஏறினாலும் விழித்திரைதான் அடி வாங்கும். நடுவில் திடீரென்று கண்முன் கரும்புள்ளிகள் பறந்தாலோ, திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ, வருடாந்திர டெஸ்டுக்குக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.

போகிற அன்று யாராவது கூட இருக்கட்டும். சொட்டு விட்டால் கொஞ்சம் எரியும், கண் பாப்பா விரிய அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். அப்புறம் சில மணி நேரத்துக்கு வெயில் கூசும், பஸ் போர்டைப் படிக்கத் தடுமாறுவார். மாத்திரைச் சீட்டையும் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். டெஸ்ட் என்றதும் பட்டினியாக வந்து, வரிசையில் மயங்கி விழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கு வெறும் வயிறு வேண்டாம். வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரை போட்டுவிட்டே அம்மா பஸ் ஏறலாம்.