பிளந்தாலும் சக்தி, சேர்ந்தாலும் சக்தி: அணுக்கரு பற்றிய கேள்வி பதில்

கருப்பிளவு, கருவிணைவு பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கல்முனை, உயர்தர மாணவி: கருவைப் பிளந்தால் சக்தி வெளிவரும் என்றால், சேர்க்கும்போது சக்தி உள்ளேதானே போக வேண்டும் சேர்? இரண்டிலும் எப்படி வெளியே வரும்?

மகள், இந்தச் சந்தேகம் வராமலே அலகைப் படித்து முடிப்பவர்கள்தான் அதிகம். உங்கள் தர்க்கத்தில் பிழையில்லை. யுரேனியம் பேரியமாகவும் கிறிப்டனாகவும் பிளக்கும்போது சக்தி வருகிறது. அதே பேரியத்தையும் கிறிப்டனையும் திரும்ப ஒட்டப் போனால் நாம்தான் சக்தி கொடுக்க வேண்டும். சக்தி தரும் இணைவு நடப்பது வேறு கருக்களில், ஐதரசன் போன்ற சின்னக் கருக்களில்.

கருவுக்குள் இரண்டு விசைகள் இழுபடுகின்றன. புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளுகை கருவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் எட்டும். புரோத்தன், நியூத்திரன் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் வன் கருவிசை மிகப் பலமானது, ஆனால் பக்கத்தில் இருப்பதைத் தாண்டி எட்டாது. சின்னக் கருவில் ஒவ்வொரு துணிக்கைக்கும் அயல் குறைவு. இன்னும் நாலு பேர் வந்து சேர்ந்தால் பிடி இறுகும். யுரேனியம் போன்ற பெரிய கருவில் 92 புரோத்தன்களின் தள்ளுகை பிடியைத் தளர்த்திவிடுகிறது, பிளந்தால்தான் இறுகும். இரண்டுக்கும் நடுவே, இரும்பை அண்டிய கருக்கள்தான் மிக இறுக்கமானவை.

இனி இலக்கத்தைப் பாருங்கள். ஒரு துணிக்கைக்கான பிணைப்புச் சக்தி தூத்தேரியத்தில் (ஒரு நியூத்திரன் கூடிய ஐதரசன்) 1.1, ஈலியத்தில் 7.1, இரும்பில் 8.8, 235 துணிக்கைகள் கொண்ட யுரேனியம் 235இல் 7.6 மெகா இலத்திரன்வோல்ற்று. இலத்திரன்வோல்ற்று என்பது அணு அளவில் சக்தியை அளக்கும் சிறு அலகு, மெகா என்றால் பத்து இலட்சம். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பிணைப்புச் சக்தி என்பது கருவுக்குள் பூட்டி வைத்திருக்கும் சக்தி அல்ல. கருவைத் துணிக்கை துணிக்கையாகப் பிரித்தெடுக்க நாம் கொடுக்க வேண்டியது. அது கூடக்கூட, அந்த அளவு சக்தி ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்று பொருள். யுரேனியம் பிளந்து வரும் துண்டுகளில் இது 8.5 அளவில் நிற்கும். வித்தியாசம் 0.9. அதை 235ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 200 மெகா இலத்திரன்வோல்ற்று வரும். பாடநூலில் நீங்கள் மனப்பாடம் பண்ணும் அந்த 200 வந்த வழி இதுதான்.

செங்கலடி: நிலக்கரியை விட யுரேனியம் எத்தனை மடங்கு?

ஒரு காபன் அணு எரிந்தால் 4 இலத்திரன்வோல்ற்று அளவில் கிடைக்கும். ஒரு யுரேனியம் கரு பிளந்தால் 20 கோடி. நிறையாகச் சொன்னால், 1 கிலோ யுரேனியம் 235 முழுவதும் பிளந்தால் சுமார் 3,000 தொன் நிலக்கரிக்குச் சமம்.

காத்தான்குடி, ஆசிரியை: கருப்பிளவைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லுங்கள் ரீச்சர், முழுக் கதையோடு சொல்லுங்கள். 1938 டிசம்பரில் பேர்லினில் ஒட்டோ ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மானும் யுரேனியத்தின் மேல் நியூத்திரனை மோதவிட்டு, அதில் பேரியம் இருப்பதைக் கண்டார்கள். யுரேனியத்தின் பாதி நிறை அளவுள்ள மூலகம் அங்கே எப்படி வந்தது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஹானோடு பல வருடங்கள் ஒன்றாக ஆய்வு செய்த லீஸ மைட்னர், யூதப் பின்னணி காரணமாக அந்த வருடம் ஜூலையில் ஜேர்மனியை விட்டுத் தப்பி சுவீடனில் இருந்தார். ஹான் கடிதம் எழுதிக் கேட்டார். மைட்னரும் அவருடைய சகோதரியின் மகன் ஒட்டோ பிரிஷும் கருவை ஒரு நீர்த்துளியாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். துளி நீண்டு, இடுப்பு ஒடுங்கி, இரண்டாகப் பிரிகிறது. வெளிவரும் சக்தி 200 மெகா இலத்திரன்வோல்ற்று. 1944ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. அது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். 109ஆம் மூலகத்துக்கு மைட்னேரியம் என்று பின்னர் பெயர் வைத்தார்கள்.

ஏறாவூர்: அணு உலை கைமீறினால் அணுகுண்டு போல வெடிக்குமா?

வெடிக்காது தம்பி. இயற்கையான யுரேனியத்தில் எளிதாகப் பிளக்கும் 235 சமதானி (நியூத்திரன் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் யுரேனிய வகை) 0.7 வீதம்தான். பெரும்பாலான மின் உலைகளுக்கு அதை 3 முதல் 5 வீதம் வரை செறிவூட்டுவார்கள். குண்டுக்கு 90 வீதம் அளவில் வேண்டும். உலையின் எரிபொருளில், ஒரு பிளவு அடுத்த பிளவை உண்டாக்கும் தொடர் தாக்கம் குண்டின் வேகத்துக்கு ஓடாது.

ஒவ்வொரு பிளவிலும் சராசரியாக இரண்டரை நியூத்திரன் வரும். உலையில் அவற்றில் ஒன்று மட்டும் அடுத்த பிளவை உண்டாக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். போரன், கட்மியம் கோல்கள் மிச்சத்தை உறிஞ்சும். இதில் இயற்கை நமக்குச் செய்த ஓர் உதவி இருக்கிறது. நியூத்திரன்களில் 0.65 வீதம் உடனே வராமல், துண்டுகளிலிருந்து சில விநாடிகள் பிந்தி வரும். அந்தச் சிறு தாமதம் இல்லாவிட்டால் கோலை ஏற்றி இறக்க யாருக்கும் நேரம் கிடைத்திராது.

ஆனால் உலையில் வெடிப்பே நடக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1986 ஏப்ரல் 26இல் செர்னோபிலில் நீராவி அழுத்தம் உலையைச் சிதறடித்தது. அது அணுகுண்டு இல்லை, ஆனால் ஊர் ஊராக மக்களை இடம்பெயர வைத்தது.

கல்லாறு: சுனாமியில் வீடு இழந்தவர்கள் நாங்கள். தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் அப்படி ஓர் அலை வந்தால்?

பயம் நியாயமானது. புகுஷிமாவில் நடந்ததைத் தெரிந்தால்தான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று விளங்கும். 2011 மார்ச் 11இல் நிலம் அதிர்ந்தவுடன் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றுவிட்டன. பிளவு நின்றது, சூடு நிற்கவில்லை. பிளவுத் துண்டுகள் தொடர்ந்து சிதைவதால், உலை நின்ற கணத்திலும் முழு வலுவில் 6, 7 வீத வெப்பம் மிச்சமிருக்கும். அது குறைந்துகொண்டு போகும், ஆனால் நாட்கணக்காகத் தண்ணீர் ஓட வேண்டும். பின்னால் வந்த அலை டீசல் ஜெனரேற்றர்களை மூழ்கடித்தது, பம்பிகள் நின்றன, எரிபொருள் உருகியது. சூடேறிய சேர்க்கோனியம் உறை நீராவியோடு தாக்கமுற்று ஐதரசனை உண்டாக்கியது. தொலைக்காட்சியில் பார்த்த வெடிப்பு அந்த ஐதரசனுடையது.

2004இல் நம் கரையை அழித்த அதே அலை கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்பி மண்டபத்துக்குள்ளும் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். கூடங்குளத்திலிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோட்டில் 440 கிலோமீற்றர் அளவில் வரும். தூரம் ஒரு பாதுகாப்பு, முழுப் பாதுகாப்பு இல்லை. காற்றோடு வரக்கூடியவற்றில் அயடீன் 131 பாதியாகக் குறைய 8 நாள், சீசியம் 137க்கு 30 வருடம். ஆகவே ஜெனரேற்றர் எந்த உயரத்தில் இருக்கிறது, மின்சாரம் போனால் தண்ணீர் எப்படி ஓடும் என்றுதான் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

கல்லடி: அம்மாவுக்குப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கிறது. பேரப்பிள்ளை அவவின் மடியில் இருக்கலாமா?

இருக்கட்டும். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது. மெசின் நின்றதும் கதிரும் இல்லை. அதில் கருப்பிளவும் இல்லை. தைரொயிட்டுக்கு அயடீன் 131 குடிக்கக் கொடுப்பது வேறு. அப்போதுதான் சில நாட்களுக்குக் குழந்தைகளிடமிருந்து தள்ளியிருக்கச் சொல்வார்கள், அதை வைத்தியர் சொன்னபடி செய்ய வேண்டும். அம்மாவைத் தனியே ஒதுக்கி வைக்காதீர்கள்.

அக்கரைப்பற்று: சூரியனில் நடக்கிற இணைவை இங்கே ஏன் செய்ய முடியவில்லை?

செய்ய முடிகிறது. லாபமாகச் செய்யத்தான் இன்னும் முடியவில்லை. சூரியனின் நடுவில் 1.5 கோடி பாகை. அதன் பிரமாண்டமான ஈர்ப்பு எல்லாவற்றையும் அமுக்கி வைத்திருக்கிறது. நமக்கு அந்த ஈர்ப்பு கிடையாது, அதனால் 10 கோடி பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும். அதைத் தாங்கும் பாத்திரம் இல்லாததால் காந்தப்புலத்தில் மிதக்க வைக்கிறார்கள். பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் என்ற பரிசோதனை இணைவு உலை அந்த வகை. 2022 டிசம்பர் 5இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் 2.05 மெகா யூல் லேசர் ஒளி கொடுத்து 3.15 மெகா யூல் எடுத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அந்த லேசரை இயக்க மின்வலையிலிருந்து எடுத்தது 300 மெகா யூல் அளவு. செய்தித் தலைப்புகளில் இந்த 300 பெரும்பாலும் வரவில்லை.

வாழைச்சேனை, உயர்தர மாணவன்: தூத்தேரியம், திரித்தியம் இணைவில் 17.6 என்ற விடை எப்படி வருகிறது?

கணக்கைக் கையால் செய்து பாருங்கள் தம்பி. தூத்தேரியம் 2.014102, திரித்தியம் (இரண்டு நியூத்திரன் கொண்ட ஐதரசன்) 3.016049, கூட்டினால் 5.030151 அணுத்திணிவு அலகு. மறுபக்கம் ஈலியம் 4.002602, நியூத்திரன் 1.008665, கூட்டினால் 5.011267. காணாமல் போன திணிவு 0.018884. ஓர் அலகுக்கு 931.5 மெகா இலத்திரன்வோல்ற்று, பெருக்கினால் 17.59. இதில் 14.1 நியூத்திரனோடு போகும், 3.5 ஈலியத்தோடு. தசமதானங்களை இடையில் வெட்டாதீர்கள். 2.01, 3.02 என்று சுருக்கினால் 5.03, மறுபக்கம் 4.00, 1.01 கூட்டினால் 5.01. வித்தியாசம் 0.02 என்று வந்து, விடை 18.6 ஆகிவிடும்.