விடை வருகிறது, நிரூபணம் எழுத வரவில்லை. என்ன செய்வது?

கேள்வி: தொண்டியில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். கணித ஒலிம்பியாட்டின் முதல் கட்டத் தேர்வான ஐஓக்யூஎம் தேறிவிட்டேன். அடுத்த கட்டமான ஆர்எம்ஓவின் பழைய தாள்களைப் போட்டுப் பார்த்தால், யோசனை சரி, நிரூபணம் சரியில்லை என்கிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்: ஐஓக்யூஎம்மில் விடையை ஓஎம்ஆர் தாளில் நிரப்பினால் போதும். ஆர்எம்ஓவில் 3 மணி நேரம், 6 கணக்கு. அங்கே "ஏன்" என்பதற்குத்தான் மதிப்பெண். நிறைய பேர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: ஒரு நிலைமைக்குக் காட்டிவிட்டு, எல்லாவற்றுக்கும் காட்டியதாக நினைத்துக்கொள்வது.

நம்ம பக்கத்துக் கணக்காகவே பார்ப்போம். கருவாட்டுக்கு விரித்த 1 மீட்டர் சதுர வலையில் 5 நெத்திலி கிடக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படிப் போட்டாலும், ஏதோ இரண்டுக்கு நடுவே 71 செ.மீ.க்கு மேல் தூரம் இருக்காது என்று நிரூபிக்க வேண்டும்.

வழக்கமாக வரும் பதில்: "நாலு மூலையில் நாலு, நடுவில் ஒன்று. இதைவிடத் தள்ளிப் போட முடியாது. ஆகவே நிரூபிக்கப்பட்டது." தள்ளிப் போட முடியாது என்பதைத்தானே நிரூபிக்கச் சொன்னார்கள்! இப்படி எழுதுங்கள்:

"வலையை 50 செ.மீ. பக்கமுள்ள 4 சதுரங்களாகப் பிரிக்கிறோம். கோட்டின் மேல் கிடக்கும் மீனை, அதை ஒட்டிய சதுரங்களில் ஏதாவது ஒன்றில் சேர்க்கிறோம். மீன் 5, சதுரம் 4. ஆகவே ஏதோ ஒரு சதுரத்தில் குறைந்தது 2 மீன் உண்டு. ஒரே சதுரத்தில் உள்ள இரு புள்ளிகளின் தூரம் மூலைவிட்டத்தைத் தாண்டாது. மூலைவிட்டம் 50√2, அதாவது 71 செ.மீ.க்குள்."

மீன் எங்கே கிடக்கிறது என்று இதில் எங்கேயும் சொல்லவில்லை. அதனால்தான் எல்லா நிலைமைக்கும் பொருந்துகிறது. இரண்டாவது வரியைப் பலர் விட்டுவிடுவார்கள்; கோட்டின் மேல் கிடந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியே தொங்கும். கூடுகளைவிடப் புறாக்கள் அதிகமானால் ஏதோ ஒரு கூட்டில் குறைந்தது இரண்டு இருக்கும் என்பதுதான் இங்கே பயன்பட்ட புறாக்கூடு தத்துவம்; அந்தப் பெயரை மட்டும் எழுதுவதும் போதாது. புறா எது, கூடு எது என்று சொல்ல வேண்டும்.

இன்னொரு பிழை, நிரூபிக்க வேண்டியதிலிருந்தே தொடங்குவது. −1 = 1 என்று தொடங்கி இரு பக்கமும் வர்க்கம் எடுத்தால் 1 = 1 என்று உண்மைதான் வரும்; தொடங்கியது பொய்யாயிற்றே. ரஃபில் பின்னாலிருந்து வாருங்கள், தவறில்லை. ஃபேரில் தெரிந்ததிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியும் அந்தத் திசையில் நிற்கிறதா என்று பாருங்கள்.

பயிற்சிக்கு, வாரம் இரண்டு கணக்கை ஃபேராக எழுதி, அந்தக் கணக்கைப் போடாத நண்பரிடம் கொடுங்கள். வாயால் எதையும் விளக்காதீர்கள். அவர் "ஏன்?" என்று நிறுத்தும் வரியில் ஒரு வரி சேருங்கள். கணக்கு முழுதாக முடியவில்லையா? "இரட்டைப்படை எண்களுக்கு மட்டும் நிரூபித்துள்ளேன்" என்பதுபோல, எதுவரை வந்தீர்கள் என்று நேராக எழுதிவையுங்கள்.